ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பு: கோர்ஸ் படிவத்தை நிரப்பும் முன்

ஊரிலிருந்து வந்து, பிள்ளையை ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இங்கே எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கும் பாதிக்கு மேல் உதவும். எங்கள் வீட்டுக்கு இந்தப் படிவம் வந்தபோது விவரமாகக் கேட்க ஆளில்லை. வாட்ஸப் குழுவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பள்ளி அலுவலகத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

நம்ம ஊரில் பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா என்று எடுப்பதுதான் பெரிய முடிவு. இலங்கையில் என்றால் ஏ.எல். பிரிவு. அந்தப் பயத்தோடு இங்கே ஒன்பதாம் வகுப்புப் படிவத்தைப் பார்த்தால் தலை சுற்றும். சமையல், நாடகம், மரவேலை, தொழில்முனைவு என்று பக்கம் முழுக்கப் பாடங்கள். நிதானமாகப் பாருங்கள்: எட்டுப் பாடங்களில் பிள்ளை உண்மையில் தேர்ந்தெடுப்பது இரண்டோ மூன்றோதான். அதில் எதை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. பின்னாளில் வழியை மறிப்பவை வேறு: கணக்கு மதிப்பீடு, இ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) நிலை, பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து. கவலைப்படுவதென்றால் அங்கே படுங்கள்.

1. எந்த வகுப்பு, எந்தப் பள்ளி

வகுப்பைப் பிறந்த ஆண்டு முடிவு செய்யும். எந்த ஆண்டில் 14 வயது நிறைகிறதோ, அந்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. 2012-ல் பிறந்த பிள்ளை, ஜனவரியானாலும் டிசம்பரானாலும், 2026 செப்டம்பரில் ஒன்பதில் சேரும். தமிழ்நாட்டில் 2012 மார்ச்சில் பிறந்த பிள்ளை 2026 ஏப்ரலில் ஒன்பதை முடித்திருக்கும். இங்கே வந்து மறுபடி ஒன்பதா என்று வீட்டில் சண்டை வரும். சண்டை வேண்டாம். இங்கே பட்டயத்துக்கு, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்றுக்கு, 30 கிரெடிட் (ஒரு முழுப் பாடம் தேறினால் ஒன்று) வேண்டும். நான்கு ஆண்டும் முழுதாகக் கையில் இருந்தால் ஆங்கிலத்தையும் சேர்த்து நிதானமாக முடிக்கலாம். பத்திலோ பதினொன்றிலோ வந்து சேரும் பிள்ளைகளுக்குத்தான் மூச்சு முட்டும்.

பள்ளியை உங்கள் முகவரி முடிவு செய்யும். ஒவ்வொரு போர்டின் (பள்ளிகளை நடத்தும் வட்டார வாரியம்) இணையதளத்திலும் முகவரியைப் போட்டால் உங்கள் ஹோம் ஸ்கூல் எது என்று காட்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். பக்கத்துத் தெருவுக்கு வேறு பள்ளியாக இருக்கும். எல்லைக்கு வெளியே உள்ள பள்ளி வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கடைசித் தேதி பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். இடம் இருந்தால்தான் கொடுப்பார்கள்.

கத்தோலிக்க போர்டின் உயர்நிலைப் பள்ளிகளில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் சேரலாம். ஆனால் மதக்கல்விப் பாடம் ஒன்று எட்டில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சீருடைச் செலவும் உண்டு. சேர்க்கும் முன் இரண்டையும் கணக்கில் வையுங்கள்.

2. எப்போது என்ன நடக்கும்

இங்கேயே எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு:

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உயர்நிலைப் பள்ளிகள் மாலைநேர அறிமுகக் கூட்டம் வைக்கும். கலைப் பள்ளி, ஐ.பி. (சர்வதேசப் பாடத்திட்டம்), கணிதம்–அறிவியல் போன்ற சிறப்புத் திட்டங்களுக்கு விண்ணப்பமும் அநேகமாக இந்தக் காலத்தில்தான். ஜனவரி, பிப்ரவரியில் கோர்ஸ் தேர்வு. பல போர்டுகளில் மைபுளூபிரிண்ட் என்ற தளத்தில் பிள்ளை தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். தளத்தில் சமர்ப்பித்துவிட்டு, கையெழுத்துத் தாளைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. கேட்டு வாங்குங்கள். டைம்டேபிள் ஆகஸ்ட் கடைசியில் வரும். வகுப்பு செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறைக்கு மறுநாளையொட்டித் தொடங்கும்.

புதிதாக வருபவர்களுக்கு இந்தக் காலண்டர் இல்லை. வந்த அன்றே பதியலாம். ஆனால் ஜூலையில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும். போர்டின் அலுவலகமோ, புதியவர்களுக்கான ரிசெப்ஷன் சென்டரோதான் திறந்திருக்கும். ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம் அங்கே கூட்டம் அலைமோதும். ஜூனிலோ ஜூலையிலோ இறங்கினால், வீட்டுச் சாமான் வாங்கும் முன் மதிப்பீட்டுக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

நவம்பர் போல நடு செமஸ்டரில் வந்து சேர்ந்தால் இன்னொரு சங்கடம். ஒரு கிரெடிட் என்றால் 110 மணி நேர வகுப்பு. பாதியில் நுழையும் பிள்ளைக்கு நான்கு பாடத்திலும் கிரெடிட் கிடைக்காமல் போகலாம். எவற்றுக்கு முழுக் கிரெடிட், எவற்றுக்கு வெறுமனே உட்கார்ந்து கேட்பது என்று சேரும்போதே கவுன்சிலரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆசிரியர்) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த செமஸ்டர் பிப்ரவரி தொடக்கத்தில் வரும்.

3. காகிதங்கள்

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், குடியேற்ற ஆவணம் (நிரந்தர வதிவிட உரிமை உறுதிக் கடிதம், பி.ஆர். கார்டு, பெற்றோரின் வொர்க் பெர்மிட், அகதிக் கோரிக்கைத் தாள், எது உண்டோ அது), முகவரிச் சான்று இரண்டு, தடுப்பூசிப் பதிவு, கடந்த இரண்டு மூன்று ஆண்டு மார்க் ஷீட். பெற்றோரில் ஒருவர் மட்டும் வந்திருந்தால் பிள்ளையின் பொறுப்பு (கஸ்டடி) யாருக்கு என்ற காகிதம் அல்லது மற்றவரின் ஒப்புதல் கடிதம் இருப்பது நல்லது. குடியேற்ற நிலை சரியாக இல்லை என்பதற்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்டாரியோ கல்விச் சட்டமே சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் பயந்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

முகவரிச் சான்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். பேஸ்மென்டில் வாய்ப்பேச்சு வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒப்பந்தம் இருக்காது. வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் அவருடைய வரி ரசீது நகலும் கேட்டு வாங்குங்கள். கூடவே உங்கள் பெயரில் அந்த முகவரிக்கு வரும் வங்கி ஸ்டேட்மென்ட். உறவினர் வீட்டில் தங்கியிருந்தாலும் இதே வழிதான். எதை ஏற்பார்கள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், போகும் முன் ஒரு போன் போடுங்கள்.

நம்ம ஊர் டி.சி.யை இங்கே யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் வாங்கி வையுங்கள், திரும்பிப் போக நேர்ந்தால் வேண்டும். மார்க் ஷீட்தான் இங்கே பேசும். தமிழ் மீடியம் மார்க் ஷீட்டை உடனே மொழிபெயர்க்கக் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் அப்படியே காட்டுங்கள்; ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பல இடங்களில் அதுவே போதும். கேட்டால் மட்டும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள்.

அப்புறம் தடுப்பூசி. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஊர் அரசு மருத்துவமனை அட்டையில் போலியோ, டி.பி.டி., எம்.ஆர். எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லாம் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்போம். ஒன்டாரியோ பள்ளிகள் கேட்பதில் மெனிஞ்சோகாக்கல் ஊசியும், 2010-லும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு வேரிசெல்லா எனும் சின்னம்மை ஊசியும் உண்டு. புட்டாளம்மைக்கும் கேட்பார்கள். இந்தியாவின் இலவச அட்டவணையில் இவை இல்லை. தனியார் டாக்டரிடம் போட்டிருந்தால் அட்டையின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பார்கள். தேதி தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே போட்டுக்கொண்டால் காசு இல்லை. ஆனால் ஒரு பொறி: டாக்டர் ஊசி போட்டால் அது தானாகப் பொதுச் சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேராது. பெற்றோர்தான் அவர்களுடைய தளத்திலோ போனிலோ பதிய வேண்டும். பதியாவிட்டால் குளிர்காலத்தில் ஒரு கடிதம் வரும், அதையும் விட்டால் பள்ளியிலிருந்து இடைநிறுத்தம் வரும். ஊசி போட்ட பிள்ளையே வீட்டில் உட்கார வேண்டிவரும்.

4. கணக்கு, ஆங்கில மதிப்பீடு

புதிதாக வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் மதிப்பீடு வைப்பார்கள். பாஸ், ஃபெயில் கிடையாது. ஆனால் இதில் வரும் முடிவைத்தான் பள்ளி டைம்டேபிளாக மாற்றுகிறது. அதனால் விமானக் களைப்போடு, இறங்கிய மூன்றாம் நாள் கூட்டிப்போகாதீர்கள். ஒரு வாரம் தூங்கி எழுந்து போகட்டும்.

கணக்கில் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கும், வார்த்தை தெரியாது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை பின்னக் கூட்டலை மனதிலேயே போடும். வினாவில் ‘டினாமினேட்டர்’ என்று வந்தால் அப்படியே விட்டுவிடும். போகும் முன் இரண்டு நாள் ஒதுக்கி, பின்னம், தசமம், விகிதம், சதவீதம், பரப்பளவு, சமன்பாடு, முழு எண் ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் எழுதாமல் படிகளையும் எழுதச் சொல்லுங்கள். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றும் சொல்லிவையுங்கள். ஒரே கணக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

ஆங்கிலத்தில் பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றும் பார்ப்பார்கள். முடிவில் இ.எஸ்.எல். ஏ முதல் ஈ வரை ஏதாவது ஒரு நிலை சொல்வார்கள், இல்லையென்றால் நேராக ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம். ஊரில் இங்கிலீஷ் மீடியம் படித்த பிள்ளைக்கு இ.எஸ்.எல். டி என்றால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இ.எஸ்.எல். பாடங்களுக்கும் முழுக் கிரெடிட் உண்டு. கட்டாயமான நான்கு ஆங்கிலக் கிரெடிட்டில் மூன்று வரை இ.எஸ்.எல்.லாகவே இருக்கலாம், நான்காவது மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். இ.எஸ்.எல். படித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு ஒன்றும் மூடாது.

ஆனால் ஏணி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போகப் பன்னிரண்டாம் வகுப்பு ‘யு’ நிலை ஆங்கிலம் வேண்டும். இ.எஸ்.எல். ஏ-யில் தொடங்கும் பிள்ளை ஆண்டுக்கு ஒரு படி என்று ஏறினால் நான்கு ஆண்டில் அங்கே போய்ச் சேராது. அதனால் ஆண்டுக்கு இரண்டு படி, கோடைப் பள்ளியில் ஒரு படி என்று திட்டம் போட வேண்டும். கவுன்சிலரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்த நிலையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு யு ஆங்கிலம் வரை செமஸ்டர் வாரியாக எழுதிக் கொடுப்பீர்களா?” எழுதிக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பிள்ளை வேகமாக முன்னேறினால் நடுவில் ஒரு நிலையைத் தாண்டவும் விடுவார்கள், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும்.

இ.எல்.டி. என்று இன்னொன்று உண்டு. அது போர், இடப்பெயர்வு போன்ற காரணங்களால் பள்ளிப் படிப்பே விட்டுப்போன பிள்ளைகளுக்கு. ஊரில் ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைக்கு அதைப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். உண்மையிலேயே படிப்பு இடைவெளி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வகுப்பு அந்தப் பிள்ளைக்காகவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் பள்ளிகளில் ஸ்விஸ் என்ற திட்டத்தில் குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள், காசு கிடையாது. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் தமிழ் பேசுகிறவர்களே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

5. எட்டுக் கட்டங்கள்

செமஸ்டர் முறைப் பள்ளியில் செப்டம்பர் முதல் ஜனவரி கடைசி வரை நான்கு பாடம், பிப்ரவரி முதல் ஜூன் வரை நான்கு பாடம். ஒன்பதாம் வகுப்பில் வழக்கமாக இப்படி நிரம்பும்: ஆங்கிலம் (அல்லது இ.எஸ்.எல்.), கணக்கு, அறிவியல், கனடா புவியியல், பிரெஞ்சு, உடற்கல்வி, கலைப் பாடம் ஒன்று, தொழில்நுட்பம் அல்லது வேறொன்று. முதல் நான்கில் பேச்சே இல்லை. பிரெஞ்சுக்கும் உடற்கல்விக்கும் ஆளுக்கு ஒரு கிரெடிட் கட்டாயம். பெரும்பாலான பள்ளிகள் ஒன்பதிலேயே முடித்துவிடச் சொல்லும்.

2024 செப்டம்பரிலிருந்து ஒன்பதில் சேர்ந்தவர்களுக்கு விதி சற்று மாறியது. கட்டாயக் கிரெடிட் 17, விருப்பக் கிரெடிட் 13. ஒன்பதிலோ பத்திலோ தொழில்நுட்பக் கல்வியில் ஒரு கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஒன்பதில் சேர்ந்த அண்ணன், அக்காவின் பழைய தாளை வைத்துத் திட்டமிடாதீர்கள், அதில் கணக்கு வேறு.

பிரெஞ்சைப் பற்றி ஒன்று. இங்கே பிறந்த பிள்ளைகள் நான்காம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு படித்து வருகிறார்கள். ‘போன்ஜூர்’ மட்டும் தெரிந்த நம் பிள்ளை அவர்களோடு உட்கார்ந்தால் முதல் வாரமே துவண்டுவிடும். புதியவர்களுக்குத் தொடக்கநிலை வகுப்பு இருக்கிறதா, இல்லை ஆண்டு தள்ளி எடுக்கலாமா என்று கேளுங்கள். கட்டாயப் பாடங்களில் மூன்று வரை வேறு பாடமாக மாற்றித் தரப் பள்ளி முதல்வருக்கு அதிகாரம் உண்டு. இ.எஸ்.எல். இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பிரெஞ்சைத் தள்ளிவைப்பதுதான் என் கட்சி.

6. குறியீட்டைப் படிப்பது எப்படி

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்துக் குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து பாடம். நான்காவது பெரும்பாலும் எண், அது வகுப்பு: 1 என்றால் ஒன்பது, 2 என்றால் பத்து, அப்படியே 4 வரை. ஐந்தாவது எழுத்துதான் முக்கியம்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கின் குறியீடு ‘எம்.டி.எச்.1டபிள்யூ’. கடைசியில் உள்ள ‘டபிள்யூ’, எல்லாருக்கும் ஒரே வகுப்பு என்று சொல்கிறது. முன்பு ஒன்பதிலேயே அகடமிக் (ஏட்டுப் படிப்பு அதிகம்), அப்ளைடு (செய்முறை அதிகம்) என்று பிரிப்பார்கள். 2021-ல் கணக்கிலும் 2022-ல் மற்ற பாடங்களிலும் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் “அகடமிக் போடு, அப்ளைடு போடாதே” என்று சொன்னால் ஒன்பதுக்கு அது பொருந்தாது. பத்தாம் வகுப்புக்கு இன்னும் பொருந்தும். ‘ஓ’ என்றால் பொதுவான பாடம், கலை, உடற்கல்வி, தொழில்நுட்பம் எல்லாம் அது.

‘எல்’ என்று இருந்தால் நிறுத்திப் படியுங்கள். அது உள்ளூரில் வடிவமைத்த பாடம், படிப்பில் மிகவும் பின்தங்கியவர்களுக்கானது. கணக்கு, ஆங்கிலம், அறிவியலில் உண்டு. தேவைப்படும் பிள்ளைக்கு அது நல்ல வகுப்பு. சிறிய வகுப்பு, மெதுவான வேகம். ஆனால் ஆங்கிலம் தடுமாறுவதால் மட்டும் கணக்கில் ‘எல்’ போட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து பல்கலைக்கழகப் பாதைக்கு வர மறுபடி ‘டபிள்யூ’ எடுத்தாக வேண்டும், ஒரு செமஸ்டர் போகும். மார்க் ஷீட்டைக் காட்டி, இன்னொரு முறை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது: பத்தில் ‘டி’ (D) அகடமிக், ‘பி’ (P) அப்ளைடு. கணக்கில் ‘டி’ எடுத்தால் பதினொன்றில் ‘யு’ ஃபங்ஷன்ஸ், பன்னிரண்டில் அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், அதோடு சேர்த்தோ பிறகோ கால்குலஸ். இன்ஜினியரிங் கனவு இருக்கும் வீட்டில் இந்தச் சங்கிலி அறுபடக் கூடாது. பத்தில் ‘பி’ எடுத்த பிள்ளை பதினொன்றில் அந்த ‘யு’ கணக்குக்குள் நேராக நுழைய முடியாது. அறிவியலும் இப்படித்தான்: பத்தில் அகடமிக் அறிவியல் முடித்தால்தான் பதினொன்றில் ‘யு’ இயற்பியல், வேதியியல். ஒன்பதில் கணக்கில் 62 வாங்கிய பிள்ளையிடம் “பி எடுத்தால் ஈஸி” என்று யாராவது சொல்வார்கள். கேட்கும் முன் கோடைப் பள்ளியை யோசியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மார்க்கை நினைத்துத் தூக்கம் கெடவேண்டாம். ஒன்டாரியோப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பொதுவாகப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் ‘யு’ (பல்கலைக்கழகத்துக்கானது), ‘எம்’ (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்குமானது) பாடங்களில் சிறந்த ஆறு. ஒன்பது, பத்தில் தேறாத பாடம் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவுத் தாள்) ஏறுவதுகூட இல்லை. கிரெடிட் கிடைக்க 50 போதும். ஆனால் 50-ஐ வைத்துக்கொண்டு அடுத்த கணக்கு வகுப்பில் உட்கார முடியாது, அது வேறு விஷயம்.

7. விருப்பப் பாடங்கள்

இங்கே பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். சில குறிப்புகள் மட்டும்.

தொழில்நுட்பப் பாடத்தில் பள்ளியில் என்ன பட்டறை இருக்கிறதோ அதைப் பொறுத்து மரம், கார், சமையல், கம்ப்யூட்டர் என்று கைவேலை இருக்கும். மொழி குறைவாகவும் கை அதிகமாகவும் வேலை செய்கிற வகுப்பு என்பதால் புதிய பிள்ளைகள் இதில்தான் முதலில் தலைநிமிர்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கலையில் ஓவியம், நாடகம், இசை, நடனம். இசையில் பேண்ட் வாத்தியம், குரல், கிடார் என்று பிரிவுகள் இருக்கும். சில பள்ளிகளில் முன் அனுபவம் கேட்பார்கள். ஏழு வருடம் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைக்கும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு புதிதுதான். தொடக்கநிலை வகுப்பா என்று பார்த்து எடுங்கள். நாடகத்தை வெட்கப்பட்டு ஒதுக்கும் பிள்ளைகள் அதிகம். ஆங்கிலத்தில் வாய் திறக்க அதைவிட நல்ல வகுப்பு இல்லை என்பேன், ஆனால் பிள்ளை மனம் வைக்க வேண்டும்.

படிவத்தில் மாற்றுத் தேர்வு என்று இரண்டு கட்டம் இருக்கும். அதை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். முதல் தேர்வு நிரம்பிவிட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். கொடுத்தபின் நீங்கள் எழுதியதுதானே என்பார்கள்.

சில போர்டுகள் சனிக்கிழமையில் தமிழைக் கிரெடிட் பாடமாக நடத்துகின்றன. வீட்டு மொழிக்கே ஒரு கிரெடிட் கிடைக்கும். புதிய சூழலில் பிள்ளைக்குத் தெம்பாகவும் இருக்கும். பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில்.

8. டைம்டேபிள் வந்த பிறகு

முதலில் பார்க்க வேண்டியது கணக்கு எந்த செமஸ்டரில் என்று. ஒன்பதில் முதல் செமஸ்டரில் கணக்கு முடிந்து, பத்தில் இரண்டாம் செமஸ்டரில் வந்தால் நடுவே ஓர் ஆண்டு இடைவெளி விழும். நீங்கள் கேட்டு மாற்றுவது கடினம், ஆனால் தெரிந்தால் வீட்டில் பயிற்சியை விடாமல் வைக்கலாம். கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் ஒரே செமஸ்டரில் குவிந்து, மறுபாதியில் ஓவியமும் உடற்கல்வியுமாக வந்தால் கவுன்சிலரிடம் சொல்லிப் பாருங்கள். புதிய பிள்ளை என்பதால் சில நேரம் மாற்றித் தருவார்கள்.

பாடம் மாற்ற செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரம்தான் காலம். கவுன்சிலர் அறைக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்துப் பிள்ளை திரும்பி வந்துவிடும். மின்னஞ்சல் அனுப்புங்கள்: பிள்ளை பெயர், மாணவர் எண், இப்போதுள்ள பாடம், வேண்டிய பாடம், காரணம் ஒரு வரி. “பிடிக்கவில்லை” என்பதைக் காரணமாக எடுக்க மாட்டார்கள். “மதிப்பீட்டில் இ.எஸ்.எல். சி, டைம்டேபிளில் இ.எஸ்.எல். பி” என்பதுபோல் எழுதினால் உடனே பார்ப்பார்கள்.

9. செலவு

பொதுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. கிரெடிட் பெறத் தேவையான எதற்கும் காசு கேட்கக் கூடாது என்று மாகாணக் கல்வி அமைச்சின் வழிகாட்டுதல் இருக்கிறது. மாணவர் செயல்பாட்டுக் கட்டணம் என்று செப்டம்பரில் ஒரு தொகை கேட்பார்கள். கஷ்டமென்றால் அலுவலகத்தில் மெதுவாகச் சொல்லுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். ஐ.பி., ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் பல்கலைக்கழக நிலைத் தேர்வு) தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. பயணம், டி-ஷர்ட், ஆண்டு மலர் எல்லாம் விருப்பம்.

டொரோண்டோவில் பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு நகரப் போக்குவரத்தான டி.டி.சி.யில் 12 வயது வரைதான் இலவசம், 13 முதல் 19 வரை இளைஞர் கட்டணம். கடையில் வாங்கும் பிரெஸ்டோ பயண அட்டை பெரியவர் கட்டணத்தில்தான் இருக்கும். வயதுச் சான்றைக் காட்டி மாற்றாவிட்டால் தினமும் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பெரிய செலவு வெளியில்தான் காத்திருக்கிறது. “ஒன்பதாம் கணக்கைக் கோடையிலேயே முடித்துத் தருகிறோம், 95 நிச்சயம்” என்று தனியார் கிரெடிட் பள்ளிகள் விளம்பரம் செய்யும். ஒரு பாடத்துக்குச் சில நூறு டாலர். அந்தக் கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் தனியார் பள்ளி என்பதைக் காட்டும் ‘பி’ (P) என்ற அடையாளத்தோடு ஏறும். அடித்தளம் இல்லாமல் அடுத்த கணக்கில் உட்கார்ந்தால் அந்த 95 உதவாது. போர்டின் கோடைப் பள்ளி இலவசம். எட்டை முடித்த பிள்ளைகளுக்கென்றே சில போர்டுகளில் ஜூலையில் வகுப்பு உண்டு. முதலில் அதைக் கேளுங்கள்.

10. இப்போதே தெரிந்துவைக்க வேண்டியவை

பட்டயத்துக்கு 40 மணி நேரச் சமூக சேவை வேண்டும். எட்டை முடித்த கோடையிலேயே தொடங்கலாம். நூலகம், உணவு வங்கி, கோயில், தமிழ்ப் பள்ளி எல்லாம் பொதுவாகச் செல்லும்; மாமா கடையில் கல்லாவில் நின்றது செல்லாது, வீட்டு வேலையும் செல்லாது. செய்யும் முன் போர்டின் பட்டியலைப் பாருங்கள். கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்தப் பொறுப்பாளரே அங்கே இருக்க மாட்டார்.

இரண்டு ஆன்லைன் கிரெடிட் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பெற்றோர் படிவம் கொடுத்து அதிலிருந்து விலக்கு வாங்கலாம். ஒன்பதில் ஆன்லைன் எடுக்க அவசரம் இல்லை. பத்தாம் வகுப்பில் மாகாண எழுத்தறிவுத் தேர்வு வரும், இ.எஸ்.எல். பிள்ளைகள் அதை ஓர் ஆண்டு தள்ளிவைக்கக் கேட்கலாம். கேட்பதற்கான கடிதம் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே போக வேண்டும், தேர்வுக்கு முந்தின வாரம் இல்லை.